நாற்பது கிட்டாருக்கு ஒரே காயம்

குழல்விளக்குகளுக்குக் கீழே டொமித்திலா கிட்டாரைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கின் வெளிச்சம் அதன் வெளிர்நீல உடம்பில் ஒரே வெள்ளைக் கோடாக மேலிருந்து கீழே வழுக்கிப் போக வேண்டும். கோடு எங்கேயாவது நடுங்கினால் அங்கே குறை. நடுங்கவில்லை. பஞ்சுத் துணியால் ஒருமுறை ஒற்றியெடுத்து, அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

கைகளில் வெள்ளைப் பருத்தி உறை. முன்னால் பொத்தான் இல்லாத ஏப்ரன். கல்யாண மோதிரம் உடைமாற்றும் அறைப் பெட்டியில் கிடந்தது. இந்த வரிசையில் வேலைபார்க்கும் ஆண்கள் பெல்ட் போடக் கூடாது. எலாஸ்டிக் வைத்த கால்சட்டையை அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டே நடப்பார்கள். மேஸ்திரி ஒல்கின் மட்டும் பெல்ட் போடலாம். அவர் கிட்டாரைத் தொடுவதில்லை, டார்ச் மட்டும் அடிப்பார்.

பொமோனாவில் ரயில் பாதையை ஒட்டிய அந்தக் கட்டடத்தின் இந்தப் பக்கத்துக்குத் தொழிலாளிகள் வைத்திருந்த பெயர் பிரசவ வார்டு. கிட்டார் இங்கேதான் ஒரு கீறல்கூட இல்லாமல் பிறந்து கடைக்குப் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லம். இங்கே பிறந்ததில் சிலவற்றை அங்கே கொண்டுபோய், சாவிக்கொத்தால் அடித்து, உப்புத்தாளால் தேய்த்து, பிளேடால் கீறி, யாரோ ஒரு குடிகாரன் அறுபது வருஷம் வாசித்ததுபோல் ஆக்குவார்கள். அப்படி ஆக்கப்பட்டது இந்தப் பக்கத்துச் சரக்கைப்போல மூன்று மடங்கு விலைக்குப் போகும். கம்பெனி இரண்டு பகுதிகளுக்கும் வேறு பெயர்கள் வைத்திருந்தது. அவை ஒருவர் வாயிலும் நுழையவில்லை.

காலை இடைவேளையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. அவள் கணவன் நசாரியோ கூரை வேய்கிறபோது விழுந்து, முதுகெலும்பு நொறுங்கி வீட்டில் கிடக்கிறான். அடுத்த மாதம் முதல் வாரம் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் அவளுடைய இந்த வேலையின் பேரில்தான். டொமித்திலா கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கழுத்துக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் ஊக்குப் போட்டுக் குத்திவைத்திருந்த பதக்கத்தை எடுத்து முத்தமிட்டாள். புனித யூதா ததேயு. கைவிடப்பட்ட காரியங்களுக்கு அவர்தான் பொறுப்பு. பித்தளைப் பதக்கம், முதலில் அவள் அம்மாவின் கழுத்தில் கிடந்தது. புனிதரின் முகம் தேய்ந்து மூக்கு மட்டும்தான் மிச்சம். பதக்கத்தை உள்ளே போட்டாள். ஊக்கைப் போட மறந்தாள்.

மேஜைக்குத் திரும்பிய பிறகு மூன்றாவது கிட்டார். கழுத்து சேருகிற இடத்தில் ஒரு தூசி தெரிந்தது. ஊதிவிடுவதற்காகக் குனிந்தாள்.

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வெளிச்சக் கோட்டின் நடுவே பிறை வடிவத்தில் ஒரு சின்னக் குழி. அதன் நுனியிலிருந்து வால்போல ஒரு கீறல். நீலத்துக்கு அடியிலிருந்து வெள்ளைப் பூச்சு எட்டிப்பார்த்தது.

அவள் பேரில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள் இருந்தன. ஒன்று, கையுறையின் நூல் ஒன்று மெருகுப் பூச்சில் ஒட்டிக்கொண்டதற்கு. இன்னொன்று, நசாரியோ விழுந்த அன்று சொல்லாமல் ஓடிப்போனதற்கு. மூன்றாவது வந்தால் வாசல்தான்.

சாப்பாட்டு நேரத்தில் வேலியோரம் எலூத்தெரியோ உட்கார்ந்து பீன்ஸ் சுருட்டிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். முதியோர் இல்லத்தில் மூத்த கை அவன்தான். அவளுடைய மகளுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.

"கொம்பாத்ரே, என் கதை முடிஞ்சுது."

"சாப்பிட்டியா?"

"கதை முடிஞ்சுதுங்கறேன், சாப்பிட்டியாங்கறீங்க."

"முடிஞ்ச கதைக்கும் பசிக்கும். உக்காரு."

அவள் உட்கார்ந்து சொன்னாள். எலூத்தெரியோ மென்றுகொண்டே கேட்டான். இடையில் இருமல் வந்தது. உலோகத்தைக் கறுக்கவைக்கிற அமிலத்தின் இருமல். இருமி முடித்துவிட்டு, "எவ்வளவு பெருசு?" என்றான்.

அவள் சுண்டுவிரலைக் காட்டினாள். "பாதி நகம். வாலு வேற."

"இதுக்கா? இந்த மாதிரி ஒண்ணு போடறதுக்கு நான் காலைல இருந்து மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கறேன். நீ குனிஞ்ச வாக்குல போட்டுட்டு வந்து அழறே."

"விளையாடாதீங்க. சாயங்காலம் ஒல்கின் டார்ச் அடிப்பான். அவன்கிட்டயே சொல்லிடட்டுமா? நம்ம ஊர் ஆளுதானே."

"நம்ம ஊர் ஆளுதான். அதனாலதான் சொல்றேன், சொல்லாதே." கையைக் கால்சட்டையில் துடைத்தான். "இன்னிக்கு நீலத்துல பத்து எங்க பக்கம் வரணும், இல்ல? அதுகளுக்கு ஒல்கின் சீட்டு கட்டி வெச்சிருப்பான். அதுல ஒண்ணை அவுத்து உன்னோடதுல கட்டு. உன்னோட சீட்டை நல்லதுல கட்டிடு. எண்ணிக்கை சரியா இருக்கும். நல்லது கடைக்குப் போவும். உன் புள்ளை எங்க இல்லத்துக்கு வந்துடும். அங்க வந்துட்டா காயம் யார் போட்டதுன்னு எவன் கேப்பான்? அங்க காயம் இல்லாட்டிதான் கேப்பாங்க."

அவள் அப்படியே செய்தாள்.

சனிக்கிழமை ஓவர்டைம். ஒல்கின் வராத நாள். டொமித்திலா சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். எலூத்தெரியோ அந்த நீலக் கிட்டாரைக் கம்பளியில் கிடத்தியிருந்தான். குளிர்வாயு டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து அடித்தான். மெருகுப் பூச்சு படபடவென்று மயிரிழை மயிரிழையாக வெடித்தது. முழங்கை படும் இடத்தை உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேய்த்தான். பிறகு சாவிக்கொத்தைக் கையில் எடுத்தான்.

"கொஞ்சம் மெதுவா," என்றாள்.

"அதுக்கு வலிக்காது கொமாத்ரே."

"நான் நாலு தடவை துடைச்சது அது."

அவன் அடித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் பூட்ஸ் பாலிஷைத் துணியில் தொட்டு வெடிப்புகளில் தேய்த்துக்கொண்டே வந்து, அவளுடைய பிறைக்கு அருகில் கையை நிறுத்தினான். கொஞ்சம் அழுக்கை மட்டும் அதில் ஒற்றினான்.

"இதை நான் தொடல. இதைவிட நல்லா எனக்கு வராது."

திங்கட்கிழமை பிரென்ட் வந்தார். பழசாக்கும் பகுதியின் தலைமைக் கலைஞர் அவர். எந்தக் கிட்டாரை எலூத்தெரியோ அடித்தாலும் அதன் கழுத்துக்கு அடியில் கையெழுத்துப் போடுவது பிரென்ட். முழங்காலில் கிழித்தே விற்கிற கால்சட்டையும், தேய்த்தே விற்கிற பூட்ஸும் போட்டிருந்தார். பேசுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வார் என்பதால் அறைக்குள் அவருக்குப் பெயர் பாப்பரசர்.

பத்து நீலக் கிட்டார்களையும் வரிசையாக நிற்கவைத்து, முன்னால் நடந்தார். டொமித்திலாவின் கிட்டாருக்கு முன்னால் வந்ததும் நின்று, பிறையை விரலால் தடவினார். கண்ணை மூடினார்.

"மத்த ஒன்பதும் பொய் சொல்லுது," என்றார். "இது ஒண்ணுதான் உண்மை பேசுது. உனக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க," என்றான் எலூத்தெரியோ.

"எல்லை ஓரத்துல ஒரு மதுக்கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு. ஒரு பாட்டுக்காரன். எல்லாத்தையும் இழந்த ராத்திரி அவனுக்கு. அன்னிக்கு விழுந்த காயம் இது."

"ஆமாங்க."

"நான் இதைத் திட்டம் போடல, தெரியுமா? அது தானா என் வழியா வந்திருக்கு."

எலூத்தெரியோ இருமினான்.

அந்த வாரமே கிட்டார் வியாபாரி ஒருவர் வந்தார். கூட அரிசோனாவிலிருந்து ஒரு பல் டாக்டர். டாக்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வீட்டில் சுவர் நிறைய வைத்திருந்தார். பிரசவ வார்டுச் சரக்கைத் தொட்டுப் பார்த்து, "இதை வீட்டுக்குக் கொண்டுபோனா முதல் கீறல் எப்ப விழுமோன்னு பயந்துட்டே இருக்கணும்," என்றார். பிறைக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிஞ்சிடுச்சு. நிம்மதியா இருக்கு," என்றார். நாற்பது கிட்டார் செய்வது என்று முடிவாயிற்று. நாற்பதிலும் அதே இடத்தில் அதே காயம். அந்த மதுக்கடைப் பாட்டுக்காரனின் கதை ஒரு அட்டையில் அச்சடித்துக் கூடவே வரும். முதல் கிட்டார் டாக்டருக்கு.

எலூத்தெரியோ கழிவுப் பலகைகளில் அந்தக் காயத்தை அடித்துப் பார்த்தான். சாவி, காசு, திருப்புளி, சோடா மூடி, பெல்ட் கொக்கி. பிறை விழுந்தது, ஆனால் அந்தப் பிறை இல்லை. பிரென்ட் பூதக்கண்ணாடியோடு வந்து குழிக்குள் பார்த்தார். உள்ளே, வளைவின் ஓரமாக, மணி கோத்ததுபோல் நுணுக்கமான புள்ளிகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"எதால அடிச்சே?"

"ஞாபகம் இல்லீங்க."

"ஞாபகம் இல்லையா? நாப்பது கிட்டார்! ஒல்கினைக் கூப்பிடு."

ஒல்கின் டார்ச்சோடு வந்தார். பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் பரீட்சையில் விடை தெரிந்துவிட்ட பையனுடையதுபோல் இருந்தது. அவருடைய கார்க் கண்ணாடியிலும் அதே விளிம்பு உள்ள ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"சாமிப் பதக்கம் சார் இது. யூதா ததேயு. மணி விளிம்பு வெச்சு எங்க ஊர்ப் பக்கத்துலதான் அடிப்பாங்க."

"யார்கிட்ட இருக்கும்?"

"எங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் கழுத்துல இருக்கும் சார். ஆனா கிட்டார் மேல கழுத்து குனியற வேலை பாலிஷ் மேஜையில மட்டும்தான்."

எலூத்தெரியோ கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே வைத்தான். அவனுக்கு அந்த மணி விளிம்பு சனிக்கிழமையே தெரியும்.

பிரென்டே பாலிஷ் வரிசைக்கு நடந்து போனார். அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. நீலக் கிட்டாரைத் தூக்கிக் காட்டி, வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்: "யார் செஞ்சது இதை? பயப்படவேண்டாம். இது அற்புதம். நான் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

சுவரோரம் வந்து நின்ற எலூத்தெரியோ தலையை லேசாக ஆட்டினான்: வேண்டாம். டொமித்திலா அவனைப் பார்த்தாள். பிறகு பிரென்டின் சிரிப்பைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் செய்த எதையும் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. சட்டைக்குள் கைவிட்டுப் பதக்கத்தை எடுத்தாள்.

"நான்தாங்க."

பிரென்ட் அவள் கையைப் பிடித்து, உறையோடு குலுக்கினார். பக்கத்து மேஜைக்காரிகள் கைதட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் நசாரியோவுக்குப் போன் போட்டாள். "கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. அற்புதமாம். நாப்பது போடப்போறாங்களாம், என்னோடதைப் பாத்து." நசாரியோ, "அப்ப நீ பெரிய ஆளாயிட்டே. வரும்போது பால் வாங்கிட்டு வா," என்றான்.

பிற்பகல் இரண்டாவது மணி அடிப்பதற்கு முன்னால் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது.

பணியாளர் அலுவலகத்தில் மாரிசெலா என்ற இளம்பெண். அவளுடைய அப்பாவும் இவர்கள் ஊரிலிருந்து வந்தவர். அவளுக்கு ஊர் பாஷை தட்டுத்தடுமாறித்தான் வரும், மன்னிப்புக் கேட்பது மட்டும் சரளமாக வரும். ஒல்கின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டொமித்திலா அம்மா, மன்னிக்கணும். வரிசையில நகை போடக் கூடாதுன்னு விதி. போட்டிருக்கீங்க. கிட்டாரைச் சேதம் பண்ணியிருக்கீங்க. அதை மறைச்சிருக்கீங்க. சீட்டை மாத்தியிருக்கீங்க."

"சேதமா? பிரென்ட் சார் கையைக் குலுக்கினாரேம்மா."

"அது வேற டிபார்ட்மென்ட்."

"அதே மாதிரி நாப்பது வேணும்னாராமே."

"ஆமா. அது டிசைன். இது சேதம்."

"ரெண்டும் ஒரே காயம்தானே?"

மாரிசெலா யோசித்தாள். "நீங்க போடறப்ப அது பாலிஷ் மேஜையில இருந்தது."

டொமித்திலா ஒல்கினைப் பார்த்தாள். ஒல்கின் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

"இன்சூரன்ஸ்?"

"மாசக் கடைசி வரைக்கும் இருக்கு."

"ஆபரேஷன் அடுத்த மாசம் முதல் வாரம்."

"மன்னிக்கணும். தொகையை நீங்களே முழுசாக் கட்டினா தொடரலாம்."

"எதுலேர்ந்து கட்டறது?"

மாரிசெலா மேஜையிழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடிப் பையை எடுத்து விரித்துப் பிடித்தாள். "பதக்கத்தை இதுல போட்டுடுங்க. விசாரணைக்கு வேணும்."

"எங்கம்மாவோடது."

"முடிஞ்சதும் கண்டிப்பாத் தருவோம்."

அடுத்து எலூத்தெரியோவைக் கூப்பிட்டார்கள். நாற்பது கிட்டாருக்கு அவன் கை வேண்டியிருந்ததால் கேள்வியும் அதற்கேற்ற மாதிரிதான் வந்தது. "சீட்டு மாத்தினது உனக்குத் தெரியாது, இல்லையா?" என்றார் ஒல்கின். எலூத்தெரியோவுக்கு இருமல் வந்தது. இருமி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். "தெரியாது," என்றான்.

மறுநாள் காலை அவன் மேஜையில் பதக்கம் இருந்தது. கண்ணாடிப் பை இல்லை. ஒரு மரப் பிடியில் அதைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். எந்தக் கோணத்தில், எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும் என்பதற்கு ஒரு இரும்புச் சட்டமும் செய்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கிட்டார்கள் ஒவ்வொன்றாக வந்தன. கண்ணாடிபோல் துடைத்து வந்தன. துடைத்தது யாரோ புதுப் பெண்.

இருபத்தெட்டாம் தேதி மாலை, மாதா மாதம்போல் யூதா ததேயு கோயிலில் கூட்டம். ஆளாளுக்குப் புனிதரின் சுரூபத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எலூத்தெரியோ தூண் பக்கம் ஒதுங்கப் பார்த்தான். டொமித்திலா பார்த்துவிட்டாள். நசாரியோ நான்குகால் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தான்.

"ஆஸ்பத்திரியில கேட்டீங்களா?" என்றான் எலூத்தெரியோ.

"கேட்டோம். முன்னாடி தள்ள முடியாதாம். பேரை அடிச்சிட்டாங்க," என்றாள் டொமித்திலா.

"என் முதுகை உங்க ரூமுக்குக் கொண்டுபோ கொம்பாத்ரே," என்றான் நசாரியோ. "ஏற்கெனவே நல்லாப் பழசாக்கி வெச்சிருக்கு. அந்தப் பல் டாக்டரைக் கேட்டுப் பாரு, என்ன விலை தருவார்னு."

யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்துப் பார்த்து, வலியில் நிறுத்திக்கொண்டான்.

"விசாரணை முடிஞ்சிருக்குமே," என்றாள் டொமித்திலா. அவள் கை தன் கழுத்தில் எதையோ தேடிவிட்டுக் கீழே இறங்கியது. "வேலையைக் கேக்கல. பதக்கத்தையாவது வாங்கிக் குடுங்க."

"கேக்கறேன்," என்றான்.

"எங்க வெச்சிருக்காங்க, தெரியுமா?"

"தெரியாது."

நாற்பதாவது கிட்டாரும் முடிந்த அன்று அவன் கேட்டான். முதல் கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சிவப்பு வெல்வெட். கழுத்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி வைத்துத் தைத்திருந்தார்கள். பிரென்ட் மரப் பிடியிலிருந்து கம்பியை அவிழ்த்து, பதக்கத்தை அந்தக் குழியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது அந்தப் பொம்பளையோடது. திருப்பித் தர்றதாச் சொல்லியிருக்காங்க."

"இது டாக்டருக்குப் போகுது. இதுவும் இப்ப கதையில ஒரு பகுதி."

"அவங்க அம்மா போட்டிருந்தது சார்."

பிரென்ட் கண்ணை மூடினார். "அம்மாவோடதா? பாட்டுக்காரனோட அம்மா! அட்டையில இதைச் சேர்க்கணும்." கண்ணைத் திறந்து பதக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். தேய்ந்த முகம் மினுங்கியது. முகத்தைச் சுளித்தார். "ஒண்ணுதான் குறை. புதுசு மாதிரி பளபளங்குது. பழசாக்கிடு."

"பழசுதாங்க இது. அம்மாவும் மகளும் முத்தம் குடுத்துக் குடுத்துத் தேஞ்சது. அதனாலதான் மினுங்குது."

"எனக்குத் தெரியுது. வாங்கறவருக்குத் தெரியாதே." அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

எலூத்தெரியோ முகமூடியை மாட்டிக்கொண்டான். அமில ஜாடியின் மூடியைத் திறந்து, திருகாணிகளைத் தொங்கவிடும் கம்பியில் பதக்கத்தைக் கோத்து உள்ளே இறக்கி, மூடினான். கண்ணாடிக்குள் புகை மெல்ல எழும்பியது. புனிதரின் மூக்கு முதலில் மங்கியது. பிறகு மினுங்கிய கன்னத்தின் மேல் பச்சை படர ஆரம்பித்தது. திறந்திருந்த கதவு வழியே, சுவருக்கு அந்தப் பக்கம் ஒல்கினின் டார்ச் வெளிச்சம் மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் நின்றது. "கழுத்தைக் காட்டு," என்று புதுப் பெண்ணிடம் அவர் சொல்வது கேட்டது.